ஸ்டாம்ப் முடிந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கலாமா? ஊருக்குப் போனால் திரும்பலாமா?

கேள்வி, 2025 ஜூலை 28

டாலஸில் இருக்கிறேன், எச்-1பி வேலை விசா. பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா அக்டோபர் 14-ம் தேதி முடிகிறது. கம்பெனி நீட்டிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டது, ஐ-797 என்ற அனுமதித் தாளில் 2028 அக்டோபர் வரை போட்டிருக்கிறது. என் மச்சான், "விசா முடிந்த மறுநாளே நீ இங்கே சட்டவிரோதம்" என்கிறார். ரொம்ப வருடமாக இங்கே இருப்பவர், அதனால் பயமாக இருக்கிறது. தை மாதம் மதுரையில் தங்கை கல்யாணம். மனைவி, மகள் இருவரும் என்னைச் சார்ந்து வரும் எச்-4 விசா. மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. போய்த் திரும்ப முடியுமா?

ஜூலை 28, இரவு

மச்சான் சொல்வது தவறு. இந்த ஒரு விஷயத்தில் பத்து, இருபது வருடம் இருப்பவர்களும் தப்பாகவே சொல்கிறார்கள்.

பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவைத்தான் ஸ்டாம்ப் என்கிறோம். அது அமெரிக்க வாசலில் வந்து நின்று "உள்ளே வரலாமா" என்று கேட்பதற்கு மட்டும். உள்ளே வந்த பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 தான் சொல்கிறது. இறங்கும் இடத்தில் சிபிபி, அதாவது எல்லைச் சோதனைத் துறை அலுவலர் கொடுக்கும் பதிவு அது. 2013 வரை பாஸ்போர்ட்டில் செருகிய வெள்ளைக் காகிதமாக இருந்தது, இப்போது விமானத்தில் வருபவர்களுக்கு எல்லாம் மின்னணுப் பதிவுதான். சிபிபி தளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் போட்டால் வந்துவிடும்.

உங்கள் ஐ-797 எந்த வகை என்று பாருங்கள். 797ஏ என்றால் தாளின் அடியில் கிழித்து எடுக்கிற மாதிரி ஒரு புது ஐ-94 இருக்கும். 2028 தேதி அதில் இருந்தால் அக்டோபர் 15-ம் தேதியும் நீங்கள் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். ஸ்டாம்ப் இல்லாமல் இங்கேயே வருடக்கணக்கில் சட்டப்படி இருப்பவர்கள் ஏராளம். நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால்தான் அந்த ஸ்டாம்ப் மறுபடி தேவை.

ஆக, கல்யாணத்துக்குப் போகலாம். திரும்ப வேண்டுமானால் இந்தியாவில் புது ஸ்டாம்ப் வாங்கித்தான் வர வேண்டும். அது தனிக் கதை, அப்புறம் எழுதுகிறேன்.

ஜூலை 29, காலை

ராத்திரி எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று உறுத்துகிறது. உங்கள் தேதியைப் பற்றி மட்டும் பேசிவிட்டேன். மனைவி, மகள் இருவரின் ஐ-94-ஐ இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கல்யாணத்தை விட இது அவசரம்.

கம்பெனி உங்களுக்கு நீட்டிப்பு வாங்கினால் குடும்பத்துக்குத் தானாக நீளாது. அவர்களுக்குத் தனியாக ஐ-539 என்ற நீட்டிப்பு விண்ணப்பம் போட வேண்டும். சில கம்பெனிகள் சேர்த்துப் போட்டுவிடும், சில கம்பெனிகள் "அது உங்கள் சொந்த வேலை" என்று விட்டுவிடும்.

இன்னொரு கண்ணி பாஸ்போர்ட். அலுவலர் ஐ-94 போடும்போது பாஸ்போர்ட் எந்தத் தேதியில் முடிகிறதோ அதோடு நிறுத்திவிடுவது வழக்கம். விசா 2027 வரை இருந்தாலும் பாஸ்போர்ட் 2025-இல் முடிந்தால் ஐ-94-உம் 2025-தான். பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 வருடம் ஓடுகிறது, அதனால் எப்போதோ ஒருமுறைதான் இது கடிக்கும். குழந்தைகளுக்கு இந்திய பாஸ்போர்ட் 5 வருடம்தான். கைக்குழந்தையாக இருக்கும்போது எடுத்த பாஸ்போர்ட் பள்ளிக்கூடம் சேரும் வயதில் முடிந்துவிடும். உங்கள் மகளின் வயதைப் படித்ததும் அதனால்தான் பதறினேன்.

எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பத்துக்கு நடந்தது. அந்த அம்மா ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருக்கிறார். கவுன்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் ஐ-94 முடிந்துவிட்டது, உரிமம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஐ-94 நகராது. அந்த அம்மா அன்றைக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய பாஸ்போர்ட்டையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்தார். வேலைக்குப் போகாதவர், எந்த விதியையும் மீறாதவர். ஒரு தேதி தாண்டியதால் அந்தஸ்து போய்விட்டது.

ஜூலை 29, மாலை

டாலஸ் நண்பர் பார்த்துவிட்டுப் போட்டிருக்கிறார்: மனைவிக்கு அக்டோபர் 14, மகளுக்கு செப்டம்பர் 9. கம்பெனி இவருக்கு மட்டும்தான் போட்டிருக்கிறது.

தேதி தாண்டுவதற்கு முன்னால் பார்த்துவிட்டீர்கள், அது பெரிய விஷயம். இப்போது செய்ய வேண்டியது:

மனைவி பெயரில் ஐ-539, அதில் மகளை 539ஏ என்ற இணைப்புப் படிவம் மூலம் சேர்த்து, செப்டம்பர் 9-க்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். அன்றைக்குத் தபாலில் போட்டால் போதாது, அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். கட்டணம் காகிதத்தில் 470 டாலர், இணையத்தில் 420. உங்கள் 797, கல்யாணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று, உங்கள் சம்பளச் சீட்டு எல்லாம் இணைக்க வேண்டும். மகளின் பாஸ்போர்ட்டையும் புதுப்பிக்க வேண்டும், உங்களுக்கு ஹூஸ்டன் தூதரகம். பாஸ்போர்ட்டை அனுப்புமுன் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், விசாப் பக்கம் தெளிவாக இருக்கட்டும். சிறுவர் பாஸ்போர்ட் என்பதால் அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் கேட்பார்கள்.

நேரத்துக்குப் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை அவர்கள் இங்கே இருக்கலாம்.

ஜூலை 31

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐ-94 தாண்டினால் என்ன, ஸ்டாம்ப் 2027 வரை இருக்கிறதே, ஒரு நடை வெளியே போய் வந்தால் புது ஐ-94 கிடைக்குமே?"

தேதி தாண்டுவதற்கு முன்னால் போய் வந்தால் கிடைக்கும், நல்ல வழியும் கூட. தாண்டிய பிறகு அப்படி இல்லை. குடிவரவுச் சட்டத்தின் 222(ஜி) பிரிவுப்படி ஐ-94 தேதிக்கு மேல் தங்கினால் அந்த ஸ்டாம்பே செல்லாது. 2027 என்று அச்சடித்திருந்தாலும் செல்லாது. எங்கள் குடியிருப்புக் குடும்பம் இந்தியா போய்ப் புது விசா வாங்கித்தான் திரும்பியது. 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டு வெளியே போனால் பெரியவர்களுக்கு 3 வருடத் தடை இருக்கிறது, ஒரு வருடமானால் 10 வருடம். 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அந்தத் தடைக்கான நாள் ஓடாது. அந்தஸ்து இழப்பது வேறு, தடைக்கான நாள் ஓடுவது வேறு. குழந்தையின் தேதி தாண்டிவிட்டது என்று இதைப் படிக்கிற யாராவது கண்டுபிடித்தால், ஒரு நாளும் தள்ளாமல் நல்ல வக்கீலைப் பாருங்கள்.

221(ஜி) என்பது வேறு. அது தூதரகத்தில் விசாவை நிறுத்திவைக்கும்போது கொடுக்கும் சீட்டு. எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இங்கேயே இரண்டு பேர் மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3

"ஸ்டாம்ப் முடிந்திருந்தாலும் கனடா போய் வரலாம் என்கிறார்களே, அப்படியே இந்தியாவும் போக முடியாதா?"

முடியாது. கனடா, மெக்சிகோ இரண்டுக்கும் மட்டும் ஒரு சலுகை: 30 நாள் அல்லது அதற்குள் திரும்பினால், ஐ-94 உயிரோடு இருந்தால், முடிந்த ஸ்டாம்ப்போடு உள்ளே வரலாம். ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் என்பார்கள். அங்கே இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தால் சலுகை போய்விடும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் கரீபியன் தீவுகள் சிலவற்றுக்கும் போய் வரலாம், எச்-1பிக்கு அது கிடையாது. பஹாமாஸ் கப்பல் பயணம் பதிவு செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். மெக்சிகோ, செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் தனி விசா கேட்பதில்லை. உங்களுடையது முடிந்திருந்தால் கேட்கும். நயாகராவில் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்புமுன் இதையெல்லாம் யோசித்துக்கொள்ளுங்கள். நான் முடிந்த ஸ்டாம்ப்போடு டொரான்டோ போய்த் திரும்பியபோது, விமானக் கம்பெனிக் கவுன்டரில் இருந்த பெண் ஏற்ற மறுத்தார். சிபிபி தளத்தில் அந்த விதி இருக்கும் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன், மேலாளரைக் கூப்பிட்டு ஒருமுறை படித்துவிட்டு ஏற்றிவிட்டார். தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கைபேசியில் காட்டுவதை விட அது வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 5

டிக்கெட் போடுவதற்கு முன்னால் வழியைப் பாருங்கள். லண்டன் வழியாக மாறிப் போவதற்கு இந்தியர்களுக்கு டிரான்சிட் விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அக்டோபருக்குப் பிறகு உங்களிடம் அது இருக்காது, 797 அதற்கு ஈடாகாது. போகும்போது தோஹா, துபாய், அபுதாபி வழியாகவோ, நேராக டெல்லி, மும்பைக்கோ போடுங்கள்.

அபுதாபி பற்றி ஒரு சிறு விஷயம். திரும்பி வரும்போது அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அங்கேயே நடந்துவிடும். ஐ-94-உம் அங்கேயே பதிவாகும். கேட்டில் காத்திருக்கும் நேரத்தில் தளத்தைத் திறந்து எல்லோருடைய தேதியையும் பார்த்துவிடலாம். மற்ற ஊர்களில் இறங்குபவர்கள் பெட்டி சுற்றிவரும் இடத்தில் நிற்கும்போது பாருங்கள். நான் அங்கே நின்று வீட்டில் எல்லோருடையதையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன். அலுவலர் வகையையோ தேதியையோ தப்பாகப் போட்டிருந்தால் டெஃபர்ட் இன்ஸ்பெக்ஷன் அலுவலகத்தில் திருத்துவார்கள். பாஸ்போர்ட் முடிவதால் குறைத்தது தவறு என்ற கணக்கில் வராது.

அலுவலரிடம் பாஸ்போர்ட்டோடு புது 797-ஐயும் கேட்காமலே நீட்டுங்கள். ஸ்டாம்ப்பில் அடியில் பிஇடி என்று ஒரு தேதி அச்சாகியிருக்கும், கம்பெனி உங்களுக்காகப் போட்ட எச்-1பி மனு முடியும் தேதி. பழைய மனுவுக்கு வாங்கிய ஸ்டாம்ப்போடு வருபவர்களுக்கு, அதைப் பார்த்துப் பழைய தேதியையே போட்டுவிட வாய்ப்பு உண்டு. வெளியே போய் வந்தபின் கடைசியாகக் கிடைத்த ஐ-94 தான் பொதுவாகக் கணக்கு, வீட்டில் இருக்கும் 797-இல் 2028 என்றிருந்தாலும்.

ஆகஸ்ட் 19

ஸ்டாம்பிங் பற்றி எழுதுகிறேன் என்றேன். செப்டம்பர் 2 முதல் டிராப்பாக்ஸ் வசதி, அதாவது நேர்காணல் இல்லாமல் தாள்களைக் கொடுத்து விசா வாங்குவது, எச்-1பி, எச்-4 இரண்டுக்கும் இல்லை. எல்லோரும் நேர்காணலுக்கு வர வேண்டும். 14 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இருந்த பொது விலக்கும் போகிறது. ஆக, டாலஸ் நண்பர் மகளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு நாள் கைரேகைக்கு, ஒரு நாள் நேர்காணலுக்கு. மதுரைக்காரருக்குச் சென்னை பக்கம், ஆனால் இந்தியாவில் எந்த ஊரில் கிடைத்தாலும் பிடியுங்கள். சென்னை என்றால் ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் அண்ணா சாலையில்தான் தூதரகம். கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது, வெளியே ஒருவர் நிற்க வேண்டும்.

எனக்கு ஒருமுறை 221(ஜி) சீட்டு கொடுத்தார்கள். எந்த ஊர் என்பது முக்கியமில்லை. விண்ணப்ப நிலையைத் தளத்தில் பார்த்தால் "ரெஃப்யூஸ்டு" என்று வரும். நிறுத்திவைத்ததையும் அப்படித்தான் காட்டுகிறார்கள். திருச்சியில் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டு, "மறுத்துட்டாங்களாடா" என்றார். விளக்கிச் சொன்னேன், நம்பவில்லை. ஒரு நாள் காலையில் அது "இஷ்யூட்" என்று மாறும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அனுபவித்ததால் சொல்கிறேன்: திரும்பும் டிக்கெட்டை மாற்றக்கூடிய வகையில் வாங்குங்கள், இங்கே வாடகையும் கார்த் தவணையும் நீங்கள் இல்லாமல் ஓடுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

செப்டம்பர் 4

மகளுக்கும் மனைவிக்கும் ஐ-539 ரசீது வந்துவிட்டதாம். தேதி தாண்டுவதற்குள் முடிந்தது. ரொம்ப நிம்மதி.

செப்டம்பர் 7

நேற்று வந்த அறிவிப்பு: விசா வேண்டுபவர்கள் தங்கள் சொந்த நாட்டிலோ, வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் நாள் கிடைக்காதவர்கள் மூன்றாவது நாட்டுக்குப் போய் வாங்கி வந்தார்கள். அந்தக் கதவு நமக்கு மூடிவிட்டது. போன மாதம் இங்கே அதைப் பரிந்துரைத்தவர்களின் பதிவுகளை இனி யாரும் பின்பற்ற வேண்டாம்.

செப்டம்பர் 20, இரவு

இன்றைக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று அதிபர் கையெழுத்திட்ட அறிவிப்பு, எச்-1பிக்கு 1 லட்சம் டாலர் கட்டணம், 21-ம் தேதி நள்ளிரவு 12:01-க்கு அமல். ராத்திரியே கம்பெனிகளிலிருந்து மின்னஞ்சல்: வெளியே இருப்பவர்கள் உடனே திரும்புங்கள், உள்ளே இருப்பவர்கள் கிளம்பாதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் துபாய் விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கிப் போயிருக்கிறார்கள்.

என்னோடு வேலை பார்ப்பவர் மகாளய அமாவாசைக்காக ராமேசுவரம் போயிருக்கிறார், போன வருடம் தவறிய அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க. சனிக்கிழமை விடிந்ததும் கம்பெனி மின்னஞ்சலைப் பார்த்திருக்கிறார். இந்திய நேரப்படி ஞாயிறு காலை ஒன்பதரைக்குள் அமெரிக்க மண்ணில் நிற்க வேண்டும். ராமேசுவரத்திலிருந்து மதுரை, மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து இன்னும் பாதி உலகம். எந்தக் கணக்கிலும் முடியாது. "முடியாது என்று தெரிந்த பிறகு மனசு அமைதியாகிவிட்டது, காலையில் அக்னி தீர்த்தத்துக்குப் போகிறேன்" என்று செய்தி அனுப்பினார். இப்போது வெள்ளை மாளிகை, புது மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் போய் வரலாம் என்று விளக்கிவிட்டது. அதற்குள் எத்தனை பேர் கல்யாணத்தையும் காரியத்தையும் பாதியில் விட்டுவிட்டு விமான நிலையம் ஓடியிருப்பார்கள். வேலை செய்து வரி கட்டுகிற மனிதர்களை இப்படி ஓடவிடக் கூடாது.

அக்டோபர் 21

1 லட்சம் டாலர் பற்றிக் குடிவரவுத் துறை நேற்று கொடுத்த விளக்கம் தெளிவாக இருக்கிறது. உள்ளே இருந்தபடி நீட்டிப்பும் அந்தஸ்து மாற்றமும் அனுமதியானவர்களுக்கு 1 லட்சம் கிடையாது, அவர்கள் பிறகு வெளியே போய் ஸ்டாம்ப் வாங்கி வந்தாலும் கிடையாது. ஆக, டாலஸ் நண்பர் அந்த 1 லட்சம் கட்ட வேண்டியதில்லை. அவருக்கு டிசம்பர் 29 சென்னையில் நாள் கிடைத்திருக்கிறது. தை மாதக் கல்யாணத்துக்குக் கச்சிதம்.

டிசம்பர் 12

கச்சிதம் என்று எழுதியது நிற்கவில்லை. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 எல்லோருடைய சமூக ஊடகக் கணக்குகளையும் பார்ப்பார்களாம், கணக்குகளைப் பொதுவில் வைக்கச் சொல்கிறார்கள். அதனால் இந்தியாவில் நேர்காணல்களை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவைத்துவிட்டார்கள். நண்பருக்கு மார்ச் வந்திருக்கிறது. பழைய தேதியில் போய் நின்று பார்க்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம். மாற்றிய தகவல் வந்தவர்களைப் பழைய தேதியில் உள்ளே விடமாட்டோம் என்று தூதரகமே சொல்லிவிட்டது.

கம்பெனிக்குச் சென்னையில் கிளை இருக்கிறது என்றீர்களே, திரும்பும்வரை அங்கிருந்து வேலை பார்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மார்ச்சும் தள்ளிப்போகலாம் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். வாய்வார்த்தை போதாது, மின்னஞ்சலில் வாங்குங்கள்.

2026 ஜனவரி 6

சென்னை அலுவலகத்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை வேலை பார்க்க எழுத்தில் அனுமதி வந்துவிட்டதாம். மனைவியும் மகளும் டாலஸிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய ஐ-539 நவம்பரில் அனுமதியாகி, 2028 வரை கிடைத்துவிட்டது. அவர்கள் வெளியே போனால் அவர்களுக்கும் நேர்காணல், மகளின் பள்ளிக்கூடமும் போகும். கஷ்டமான முடிவுதான், ஆனால் சரியான முடிவு என்று நினைக்கிறேன். நீங்கள் நீண்ட நாள் வெளியே இருக்கும்போது எச்-4 தனியாக இங்கே இருப்பதைப் பற்றி மட்டும் கம்பெனி வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். சில வாரம் என்றால் யாரும் யோசிப்பதில்லை, மாதக்கணக்கில் என்றால் பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. எச்-1பியில் இருக்கக்கூடிய 6 வருட வரம்புக் கணக்கில், வெளிநாட்டில் இருந்த முழு நாட்களைக் கழித்து, பிற்பாடு திரும்பக் கேட்கலாம். சான்று நீங்கள்தான் காட்ட வேண்டும். இந்தியக் குடிவரவு முத்திரை இருக்கும் பக்கங்களை நகல் எடுங்கள், போர்டிங் பாஸ் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். மதுரையில் இறங்கியதும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.